எத்தனை மணிக்கு வந்தாள்?

என் புருஷன் ஃபின்லே போய்ச் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. இனிச் சொல்லலாம். என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது எங்கள் ஊர் கிரோலவிக்கில் இருக்கிற ஐந்து வீட்டுக்கும் தெரியும். பக்கத்து வீட்டு டார்க்வில் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "டோலினா காதுல போட்டா போதும், தபால்காரனுக்கு வேலை மிச்சம்" என்பான். அப்படிப்பட்ட நான் ஒரு விஷயத்தை இருபத்தெட்டு வருஷம், அதுவும் கட்டின புருஷனிடமே, மறைத்து வைத்திருந்தேன் என்று கேட்டால் அவனே வாயைப் பிளப்பான்.

எங்கள் ஊருக்குக் காலால் நடந்து வர வழி இல்லை. பின்னால் மலை செங்குத்தாக நிற்கிறது. ஆடுகளே சில சமயம் மேலே மாட்டிக்கொண்டு கத்தும். முன்னால் ஒரு மைல் அகலத்துக்குக் கடல் உள்ளே புகுந்து கிடக்கிறது. ரோடு அக்கரையோடு முடிந்துவிடும். அந்த நாளில் அங்கே ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்குள் ஒரு பெரிய பிஸ்கட் டின், டின்னுக்குள் ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பு. படகு வேண்டும் என்கிறவர்கள் அந்த விரிப்பை எடுத்துப் பாறைமேல் கட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். இருட்டிவிட்டால் புதர்க் குச்சியைப் பொறுக்கித் தீ போட வேண்டும். நாங்கள் பார்த்துவிட்டோம் என்பதற்கு அடையாளமாக எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஒரு வெள்ளைத் துணியைப் போடுவோம். அப்புறம் நாலு ஆண்பிள்ளைகள் சேர்ந்து படகை இறக்குவார்கள். நாலு பேர் இல்லாமல் அந்தப் படகு அசையாது. இப்போது மோட்டார் படகு, டெலிபோன் எல்லாம் வந்துவிட்டது, விரிப்பை எலி தின்றுவிட்டது.

எங்களுக்கு ஒரே பெண், ரேச்சல். கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போய் நாலு வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட வர முடியவில்லை. ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம், ஒரு வியாழக்கிழமை, அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஃபின்லேக்கு வேதப் புத்தகத்தின் அச்செழுத்துதான் வாசிக்க வரும், கையெழுத்து ஓடாது. அதனால் கடிதம் என்றால் நான்தான் படிப்பேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்து படித்தேன்.

கல்யாணம் செய்துகொண்டாளாம். பையன் தச்சு வேலை செய்கிறவன். இரண்டு பேரும் கனடாவுக்குப் போகிறார்களாம். செவ்வாய்க்கிழமை கிரீனக் துறைமுகத்தில் கப்பல். 'சனிக்கிழமை சாயங்காலம் தபால் வேனில் வருகிறேன். ஞாயிறு முழுக்க உங்களோடு இருப்பேன். திங்கள் காலை ஐந்து மணி வேனைப் பிடித்தால்தான் கப்பலுக்குப் போய்ச் சேர முடியும்' என்று எழுதியிருந்தாள்.

ஃபின்லே கடிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கனடாவுல என்ன இருக்காம்?" என்றான்.

"மரம் இருக்காம். இவன் தச்சன்தானே."

"இங்க மட்டும் என்ன குறைச்சல்?"

"இங்க எங்கய்யா மரம்? உன் கைத்தடியே கரை ஒதுங்கின கட்டை."

அவன் சிரிக்கவில்லை. நானும்தான். ஆனால் ஒரு நாள் கிடைத்ததே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒரு முழு நாள். அந்த ஒரு நாளுக்காக நான் சனிக்கிழமை பட்ட பாடு இருக்கிறதே! ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு ஓய்வுநாள். அன்றைக்குத் தண்ணீர்கூட இறைக்க மாட்டோம், உருளைக்கிழங்கு உரிக்க மாட்டோம். எல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழியை அடித்து வேகவைத்தேன். அடுப்பெரிக்க, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டி எடுத்து வந்து அடுக்கினேன். ஓட்ஸ் ரொட்டி சுட்டேன். அவளுக்குப் பிடித்த, பாலாடை பிசைந்த தயிர்க்கட்டி ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வைத்தேன். அவள் கட்டிலில் என் கல்யாணத்து லினன் விரிப்பைப் போட்டேன். அது வரைக்கும் அதை நான் பெட்டியிலிருந்து எடுத்ததே இல்லை.

நாலு மணிக்கே ஃபின்லேயும் டார்க்விலும், இன்னொரு வீட்டு நீல் சகோதரர்கள் இரண்டு பேரும் படகை இறக்கிக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள். வேன் ஆறு மணிக்கு வர வேண்டும். ஆறு ஆயிற்று, ஏழு ஆயிற்று. நான் வாசலில் நின்றுகொண்டே இருந்தேன். ஒன்பது ஆயிற்று. பத்து மணிக்குப் படகு திரும்பி வருகிறது, தலையை எண்ணுகிறேன், நாலுதான்.

கரையில் இறங்கிப் போய்க் கத்தினேன். "விட்டுட்டு வந்துட்டீங்களா?"

"வராத ஆளை எப்படிம்மா விட்டுட்டு வர முடியும்?" என்றான் டார்க்வில்.

"வேன் எங்கேயாவது பழுதாகி நின்னிருக்கும்" என்றான் ஃபின்லே. "பன்னண்டுக்குள்ள படகு கரையேறியாகணும். இப்ப இழுக்க வேணாம், தண்ணியிலயே கிடக்கட்டும். அவ வந்து தீ போட்டா உடனே போயிடலாம்."

அவன் எங்கள் சபைக்கு மூப்பர். ஓய்வுநாள் விஷயத்தில் ஊருக்கே அவன்தான் அளவுகோல். சனி இரவு பன்னிரண்டு அடித்தபின் எங்கள் ஊர்ப் படகு தண்ணீரில் கிடந்ததாக யாரும் சொல்ல முடியாது. ஆனாலும் அன்றைக்குக் கடைசி நிமிஷம்வரை படகை மிதக்கவிட்டான். லாந்தரை ஏற்றிப் பாறைமேல் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். ஜூன் மாதத்தில் எங்களுக்கு முழுசாக இருட்டுவதில்லை. அக்கரைப் பாறை மங்கலாகத் தெரிந்தது, கொட்டகை தெரியவில்லை, தீயும் இல்லை. மற்ற மூன்று பேரும் படகுக் கயிற்றைப் பிடித்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது ஃபின்லே எழுந்தான்.

"இழுங்கப்பா" என்றான்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் பன்னிரண்டு அடிக்கும்போது படகு புல்மேல் இருந்தது. அவன் லாந்தரை ஊதி அணைத்தான்.

காலையில் எழுந்து கதவைத் திறக்கிறேன், அக்கரையில் பாறைமேல் வெள்ளை விரிப்பு!

வந்துவிட்டாள். என் பெண் ஒரு மைலில் இருக்கிறாள். கடல் என்றால் அப்படி ஒரு கடல், வருஷத்துக்கு நாலு நாள்தான் அப்படி இருக்கும். ஒரு சுருக்கம் இல்லை. குழந்தை ஒரு பலகையைப் போட்டுக்கொண்டு துழாவினாலே போய்ச் சேர்ந்துவிடும். நான் உள்ளே ஓடினேன். ஃபின்லே ஞாயிற்றுக்கிழமைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான்.

"வந்துட்டா!"

"பாத்தேன்" என்றான். ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொன்னான்.

"அப்புறம் என்ன நின்னுக்கிட்டிருக்க? போ, டார்க்விலைக் கூப்பிடு."

"இன்னைக்கு என்ன நாள், டோலினா?"

"என்ன நாளா இருந்தா என்ன? நாளைக்கு அஞ்சு மணிக்கு அவ போயிடுவா."

"பன்னண்டு அடிச்ச நிமிஷம் படகை இறக்கிடறேன். விடியறவரைக்கும் நாலஞ்சு மணி நேரம் இருக்கு."

"எனக்கு நாலு மணி நேரம் வேணாம், எனக்கு நாள் வேணும்! போன வருஷத்துக்கு முந்தின வருஷம் டார்க்விலோட ஆடு பாறையில மாட்டிக்கிச்சே, அன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையா? அன்னைக்குப் படகை இறக்கினது யாரு? கிழட்டு ஆடு, பல்லுகூடக் கிடையாது அதுக்கு!"

"அது உயிர் போற காரியம். தேவைக்கும் இரக்கத்துக்கும் செய்யலாம்னு இருக்கு."

"எனக்கு இங்க உயிர்தான் போயிக்கிட்டிருக்கு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் விடவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். "பெத்த மகளைவிட ஆடு பெரிசா உனக்கு? கர்த்தர் உன்கிட்ட வந்து, ஏன்டா ஃபின்லே, உன் மகளைக் கூட்டிக்கிட்டு வந்தேன்னு கேப்பாரா?" இன்னும் என்னென்னவோ கேட்டேன். கோபத்தில் வந்ததையெல்லாம் இப்போது எழுத மாட்டேன். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றான். கடைசியில், "என்னால முடியாது" என்றான். முடியாது என்று அடித்துப் பேசுகிற குரல் இல்லை அது. தூக்க முடியாத மூட்டையைப் பார்த்து ஒருவன் சொல்கிற குரல்.

அவனை விட்டுவிட்டு நானே படகை எடுத்துப் போகவும் வழி இல்லை. நாலு ஆள் வேண்டும். டார்க்வில் வீட்டுக்குப் போனேன். "ஃபின்லே தலையாட்டினா நான் செருப்புகூடப் போடாம ஓடி வருவேன், அவன் ஆட்டாம வந்தா நாளைக்கு இந்த ஊர்ல எனக்கு யாரு மீன் பொரிச்சுத் தருவா?" என்றான். நீல் சகோதரர்கள் கதவே திறக்கவில்லை. ஜன்னல் திரை மட்டும் அசைந்தது.

பகல் பதினொரு மணிக்கு மர்டினா வீட்டில் ஜெபம். மர்டினா கோடி வீட்டு விதவை, என்னைவிடப் பத்து வயசு மூத்தவள். ஓய்வுநாளில் அவள் வீட்டுச் சேவல்கூட யோசித்துத்தான் கூவும். எல்லாரும் அங்கே போனார்கள். நான் போகவில்லை.

ஃபின்லே கப்பலில் இருந்த காலத்துத் தொலைநோக்கி ஒன்று உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் அதைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்துவிடுவான், திங்கள் வரை தொடக் கூடாது. அவர்கள் சங்கீதம் பாடுவது கேட்க ஆரம்பித்ததும் இழுப்பறையைத் திறந்தேன். குழந்தையாக இருந்தபோது சர்க்கரை திருடினதற்கு அப்புறம் நான் அப்படித் திருட்டுத்தனமாக எதையும் தொட்டதே இல்லை.

ரேச்சல் பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பச்சைக் கோட்டு. முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டிருந்தாள். கடிதத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை, கழுதை! ஷூவைக் கழற்றிவிட்டு ஒரு பாதத்தை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். நடந்து வந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. எத்தனை மைலோ, பட்டணத்து ஷூவில். பாதத்தைப் பிடித்துக்கொண்டே அவள் பார்த்தது எங்கள் வீட்டைத்தான். நேராக என் கண்ணுக்குள் பார்க்கிறாள், நான் பார்ப்பது அவளுக்குத் தெரியாது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

உள்ளே போய் அவள் கட்டிலில் விரித்திருந்த லினன் விரிப்பை உருவினேன். வெளியே வந்து துணிக்கொடியில் போட்டுத் துணிக்கவ்வி மாட்டினேன். ஓய்வுநாளில், பட்டப்பகலில், மூப்பர் வீட்டுக் கொடியில் துணி! எங்கள் ஊரில் ஆள் செத்தால்கூட அப்படி ஒரு பரபரப்பு வராது.

அக்கரையில் அவள் துள்ளி எழுந்துவிட்டாள். பாறையில் கட்டியிருந்ததை அவிழ்த்து இறக்கினாள், மறுபடி தூக்கினாள். நானும் கொடியிலிருந்து என்னுடையதை இறக்கித் தூக்கினேன். அவள் இறக்கித் தூக்கினாள். அம்மா என்கிறாள். நான் இறக்கித் தூக்கினேன். என்னடி என்றேன். அம்மா. என்னடி. அம்மா. என்னடி. எத்தனை தடவை என்று யார் எண்ணினார்கள்? தோள் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. நாலு வருஷமாக நான் அவளோடு பேசினதே இல்லை என்றும், அன்றைக்குத்தான் பேசினேன் என்றும் தோன்றியது. அழுதுகொண்டே சிரித்தேன்.

ஜெபம் முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். மர்டினா வேதப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் வேலி ஓரம் வந்து நின்றாள்.

"ஓய்வுநாள்ல துணி காயப்போட்ட முதல் மூப்பர் பொண்டாட்டி நீதான், டோலினா."

"காயப்போடலைக்கா. வேணும்னா வந்து தொட்டுப் பாருங்க, ஈரமே இல்லை."

டார்க்வில் நிஜமாகவே வந்து தொட்டுப் பார்த்தான். "உண்மைதான் மர்டினாக்கா. காஞ்ச துணி. பாவக் கணக்குல வராது" என்றான்.

"நீ வாயை மூடு. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

அப்போது ஃபின்லே வந்தான். அவன் கொடியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் விரிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவன் பிடுங்கினால் பல்லால் கடித்துப் பிடிப்பது என்று முடிவு செய்துவிட்டேன். அதே நேரம் தெற்கே இருந்து முதல் காற்று வந்தது. ஒரு ஓரத்துக் கவ்வி தெறித்து, விரிப்பின் மூலை மண்ணில் புரண்டது.

ஃபின்லே வேலியைத் தாண்டி வந்தான். குனிந்து அந்த மூலையைத் தூக்கினான். மண்ணைத் தட்டினான். அப்புறம் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்துக்கொண்டு அக்கரையைப் பார்த்து நின்றான்.

"ஃபின்லே! நீயுமா?" என்றாள் மர்டினா.

"கர்த்தர் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க வீட்டுக்குப் போங்க அக்கா" என்றான்.

அக்கரையில் விரிப்பு அசையாமல் நின்றுவிட்டது. பச்சைக் கோட்டு அதன் பக்கத்தில் நின்றது. எத்தனை நேரம் நின்றோம் என்று சொல்லத் தெரியவில்லை. காற்று ஏற ஏற விரிப்பு அவன் கையைப் பிடித்து இழுத்தது, ஆனால் அவன் இறக்கவில்லை. நான் ஒரு முனை, அவன் ஒரு முனை. காலையில் நான் பேசினதற்கெல்லாம் அவன் கொடுத்த பதில் அவ்வளவுதான்.

அந்தக் காற்றைத்தான் நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. பகலில் விரிப்போடு விளையாடிவிட்டு சாயங்காலம் பலமாக எழுந்தது. ஒன்பது மணிக்கெல்லாம் கடல் வெள்ளை வெள்ளையாகப் புரண்டது. பன்னிரண்டு அடித்தது. முதல் மணி அடிக்கும்போதே நாலு பேரும் படகைப் பிடித்திருந்தார்கள். இறக்கினார்கள். முதல் அலை அதைத் தூக்கிக் கல்லில் போட்டது. மறுபடி இறக்கினார்கள். நீல் சகோதரர்களில் மூத்தவனுக்கு மணிக்கட்டு உடைந்தது. மூன்றாம் தடவை ஃபின்லே இடுப்பளவு தண்ணீரில் நின்று படகைத் தள்ளினான். டார்க்வில்தான் அவனைக் கட்டிப்பிடித்து இழுத்து வந்தான். "போதும்டா, அவளுக்கு அப்பன் வேணும், பொணம் வேணாம்" என்று அவன் காதில் கத்தினது எனக்குக் கேட்டது.

ஐந்து மணிக்கு வேன் வந்தது. நல்ல வெளிச்சம். பாறைமேல் இருந்த விரிப்பு இறங்கியது. வேன் மலை வளைவில் திரும்புகிற இடத்தில் ஒரு நிமிஷம் நின்றது. அப்புறம் போய்விட்டது. நான் உள்ளே வந்தேன். மேஜையில் மூன்று தட்டு, கோழி, ரொட்டி, தயிர்க்கட்டி. எதையும் யாரும் தொட்டிருக்கவில்லை.

புதன்கிழமை கடல் அடங்கியது. மணிக்கட்டு உடைந்தவன் ஒற்றைக் கையால் படகைத் தள்ளிக்கொடுக்க, ஃபின்லே மற்றவர்களோடு அக்கரைக்குப் போய் வந்தான். பிஸ்கட் டின்னில் விரிப்பு மடித்து வைத்திருந்ததாம், அதன்மேல் ஒரு தாள். மேலே 'அம்மாவுக்கு' என்று எழுதியிருந்ததால் பிரிக்காமல் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். எப்போதும் போல நான் படிப்பேன், அவன் கேட்பான்.

நான் முதலில் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். இப்படி எழுதியிருந்தாள்:

'அம்மா, வேன் ஒன்பது மைலுக்கு அப்பால் நின்றுவிட்டது. நடந்து வந்தேன். இங்கே வந்து சேரும்போது சனிக்கிழமை இரவு பதினொன்றரை. அப்பாவின் விளக்கு தெரிந்தது. குச்சி பொறுக்கி அடுக்கிவிட்டு, தீப்பெட்டியைக்கூட எடுத்துவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். வர இருபது நிமிஷம், திரும்பிப் போக இருபது நிமிஷம், படகை ஏற்ற இன்னும் கொஞ்சம். பன்னிரண்டு தாண்டிவிடும். தீயைப் பார்த்தால் அப்பா வராமல் இருக்க மாட்டார். வந்துவிட்டு, என்னால் ஓய்வுநாளை மீறினோம் என்று காலமெல்லாம் மனசு வெந்துகொண்டிருப்பார். அதனால் பற்றவைக்கவில்லை. ஞாயிறு நள்ளிரவு வருவார், விடியும்வரை சேர்ந்து இருக்கலாம் என்று நினைத்தேன். காற்று இப்படிச் செய்யும் என்று நினைக்கவில்லை. விளக்கு அணைகிறவரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஞாயிறன்று விரிப்பைக் கட்டினது படகுக்காக இல்லை, நான் வந்துவிட்டேன் என்று உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான். நீ துணி போட்டாய். அப்பாவும் வந்து பிடித்தார். இது போதும் அம்மா எனக்கு.'

அரை மணி நேரம். அரை மணி நேரம் இரண்டு பேரும் எதிரெதிர்க் கரையில் உட்கார்ந்து ஒருத்தருக்காக ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் படகு மிதந்துகொண்டிருந்தது. கயிற்றைப் பிடித்தபடி மூன்று பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தீக்குச்சி கிழித்திருந்தால் போதும். எனக்கு அவளை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

"என்ன எழுதியிருக்கா?" என்றான் ஃபின்லே.

படித்தேன். வேன் நின்றதைப் படித்தேன், நடந்து வந்ததைப் படித்தேன். கடைசியில் அப்பாவும் வந்து பிடித்தார் என்பதை இரண்டு தடவை படித்தேன். நடுவில் இருந்ததைப் படிக்கவில்லை.

"எத்தனை மணிக்கு வந்தாளாம்?"

தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு மணிக்கு மேல ஆயிடுச்சாம்."

"நான் விளக்கை அணைச்சப்புறமா?"

"ரொம்ப நேரம் அப்புறம்."

"அப்ப சரி" என்றான். குனிந்து ஈர பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தான். முடிச்சு அவிழவே இல்லை அவனுக்கு. நான் கீழே உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன்.

அன்றைக்கே ரேச்சலுக்கு எழுதினேன்: 'அப்பா எப்போது கேட்டாலும் ஒரு மணி என்று சொல், வேறு ஒன்றும் சொல்லாதே.' அவளும் சரி என்று எழுதினாள். அவள் கடிதம் மாதம் ஒன்று வரும். பேரப்பிள்ளைகள் போட்டோ வரும், பனிமேல் நிற்கிற போட்டோ, மரத்தடியில் நிற்கிற போட்டோ. அடுத்த வருஷம் வருகிறேன் என்று எல்லாக் கடிதத்திலும் இருக்கும். முதலில் பிள்ளைகள் சின்னது, அப்புறம் அவள் புருஷன் கூரையிலிருந்து விழுந்து கால் போயிற்று. வரவே முடியவில்லை. ஜூன் வந்தால் நான் வாசலில் நின்று அக்கரைப் பாறையைப் பார்ப்பேன். பாறை மட்டும்தான் இருக்கும். ஆனாலும் பார்ப்பேன்.

ஒவ்வொரு ஜூனிலும் ஃபின்லே ஒரு தடவை கேட்பான். ஏதோ வலையைப் பின்னிக்கொண்டோ, கஞ்சியைக் கிண்டிக்கொண்டோ இருக்கும்போது, தலையைத் தூக்காமல் கேட்பான். "அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தான்னு சொன்ன?" "ஒரு மணிக்கு மேல." "அப்ப சரி." அவ்வளவுதான். டெலிபோன் வந்தபின் வாரா வாரம் அவளோடு பேசுவான், வானிலை கேட்பான், பேரன் பேர் சொல்லிக் கூப்பிடுவான். அவளிடம் ஒரு தடவைகூட அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டுவிடுவானோ என்று நான் பக்கத்திலேயே நின்று பயந்துகொண்டிருப்பேன். என்னிடம் மட்டும்தான் கேட்டான்.

போன வருஷம் குளிர்காலத்தில் அவன் நெஞ்சு ஒத்துழைக்கவில்லை. கடைசி நாள் சாயங்காலம் தலையணையைச் சரிசெய்யக் குனிந்தேன். என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"டோலினா, அன்னைக்கு ரேச்சல்..."

ஜூன் இல்லையே, இப்போது ஏன் கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டே, "ஒரு மணிக்கு..." என்று வாயைத் திறந்தேன்.

"பதினொண்ணரை இருக்கும்" என்றான். "காலைக் கெந்திக் கெந்திப் பாறைமேல வந்து நின்னா. கப்பல்ல இருட்டைப் பாத்துப் பழகின கண்ணு, அப்ப நல்லா இருந்தது. தீ போடுவா, போடுவான்னு பாத்தேன். தீ போட்டா போயிடலாம்னு இருந்தேன். அவ போடல. அவ போடலைங்கிறதால நானும் போகலை."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "தெரிஞ்சுக்கிட்டே ஏன்யா வருஷா வருஷம் என்னைக் கேட்ட?"

"நீ ஒரு மணின்னு சொல்லுவ இல்ல" என்றான். "அதைக் கேட்டா ஒரு வருஷம் தாங்கும்."

அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றான்.

அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஒரு மணிக்கு மேல ஆயிடுச்சுய்யா" என்றேன். "நீ விளக்கை அணைச்சு ரொம்ப நேரம் அப்புறம்தான் வந்தா."